இடப்பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயம்

பாடியில் பிரேக்கும் சக்கரமும் செய்கிறார்கள், ஆவடியில் டாங்க் செய்கிறார்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் சத்தம் ஓய்வதே இல்லை. வண்டியின் உள்ளுறுப்புகளை இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் ஸ்டாக் கார் பந்தயத்தை அறிந்தவர்கள் இங்கே குறைவு. அதை நடத்தும் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பில் ஓட்டிய முதல் இந்தியர் ஒரு கோயம்புத்தூர்க்காரர்.

நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியது ஃபார்முலா மாருதி காரில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினார். 2010 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கி 13-ஆவதாக வந்தார். அந்த 13-ஆம் இடத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஏன் என்பது அந்த வண்டியைத் தெரிந்துகொண்டால் புரியும்.

நாஸ்கார் 1948-ல் தொடங்கியது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் கடையில் வாங்கிய காரையே பந்தயத்துக்கு ஓட்டிவந்தார்கள். இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் கடைக்கார். உள்ளே எஃகுக் குழாய்க் கூண்டு, முன்னால் வி-8 எஞ்சின், பின்சக்கர இழுவை. டிரக்கும் அதே சாதிதான். மேலே பிக்-அப் வண்டியின் உருவம். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும்.

நரேன் பழகிய ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரோடு சேர்த்தே சுமார் 600 கிலோ; கார்பன் பிரேக் தொட்டவுடன் பிடிக்கும். டிரக்கோ ஒன்றரை டன். மார்ட்டின்ஸ்வில் தடம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு; இரண்டு நேர்கோடுகளின் முனையில் இறுக்கமான வளைவுகள், எல்லாமே இடப்பக்கம். ஒவ்வொரு வளைவிலும் அந்த எடையை இரும்பு பிரேக்கால் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே அழுத்தித் தள்ளினால் பிரேக் சூடேறி, பந்தயத்தின் கடைசிப் பகுதியில் கைவிட்டுவிடும். பக்கத்து வண்டி உரசிக்கொண்டே வரும். கண்ணுக்கு எட்டாததை மேலே உயரத்தில் நிற்கும் ‘ஸ்பாட்டர்’ ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். இத்தனை வருடம் பழகிய கையையும் காலையும் திருத்திக்கொண்டு, முதல் முயற்சியிலேயே நடுவரிசைக்கு மேல் முடிப்பது அரிய காரியம். அமெரிக்க ரசிகர்களும் அதை உணர்ந்தார்கள். அந்த ஆண்டின் மிகப் பிரபலமான டிரக் ஓட்டுநராக வாக்களித்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

நாஸ்கார் நம் ஊரில் இல்லை. ஆனால் அதன் உறவுக்காரர்களான, சாலைக் கார்களின் உருவம் கொண்ட சலூன் பந்தயக் கார்களைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடத்தைத் திறந்தது: நீளம் 3.7 கிலோமீட்டர், இரு பக்கமும் திரும்பும் 12 வளைவுகள்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வந்துவிடும். பந்தய நாளில் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சலூன் கார்கள் வரும்போது முந்துவதைப் பார்ப்பதற்கு முன்னால், வளைவுக்கு முன் எந்தக் காரின் பிரேக் விளக்கு கடைசியாக எரிகிறது என்று கவனியுங்கள். ஓட்டுநரின் திறமை அங்கேதான் தெரியும்.