நைனிதால்: ஏரியும் மலையும்

டில்லியிலும் லக்னோவிலும் வாழும் தமிழ் மக்கள், கோடையின் வெம்மை தாளாது நாடிச் செல்லும் மலைவாசஸ்தலங்களுள் நைனிதால் ஒன்று. காத்கோதாம் ரயில் நிலையத்தில் இறங்கி, மலைப்பாதையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஏறிச் சென்றால், அந்தப் பச்சை நீர்ப்பரப்பு கண்முன் விரியும். அதன் அழகை யாவரும் அறிவர். அந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

குமாவோன் மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,940 மீட்டர் உயரத்தில் அமைந்தது இவ்வேரி. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மிக ஆழமான இடத்தில் சுமார் 27 மீட்டர் ஆழம். பூமியின் பாறைகள் பிளந்து நகர்ந்ததால் உண்டான பள்ளமே ஏரியாயிற்று என்பர் புவியியலார். வடமேற்குக் கரை மல்லிதால், அதாவது மேல் ஏரி. தென்கிழக்குக் கரை தல்லிதால், கீழ் ஏரி. மிகுதி நீர் தல்லிதால் மதகின் வழியே வெளியேறி, பலியா ஓடையாக இறங்கிக் கௌலா நதியில் கலக்கிறது.

கோடையில் மேல்நீர் வெப்பமுற்று இலேசாகி மிதக்கிறது. அடிநீர் குளிர்ந்தே கிடக்கிறது. இரண்டும் கலவாமையால், கழிவு மிகுந்த அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகிறது. குளிர்காலத்தில் மேல்நீரும் குளிர்ந்து அமிழ, ஏரி முழுவதும் கலக்கிறது. அப்போது அந்த அடிநீர் மேலெழுந்து, மீன்கள் மாண்டதும் உண்டு. 2007-ஆம் ஆண்டு முதல் ஏரியின் அடியில் குழாய்களின் மூலம் காற்றைச் செலுத்தி வருகின்றனர்.

சுற்றியுள்ள மலைகளோ உறுதியற்றவை. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், பெருமழையில் வடபுறச் சரிவு பெயர்ந்து வீழ்ந்து 151 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சரிவுகளில் வடிகால்கள் பல வெட்டப்பட்டன. மழைநீர் மண்ணுள் இறங்கி மலையைக் குலைக்காமல், நேரே ஏரியை அடையச் செய்வதே அவற்றின் நோக்கம். இன்று அவற்றில் வீசப்படும் குப்பையும் ஏரியையே சேர்கிறது.

மல்லிதாலுக்கு மேலே சூகாதால் என்றொரு பள்ளம் உள்ளது. 'வறண்ட ஏரி' என்பது பொருள். மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் அப்பள்ளத்து நீர், நிலத்தடியே மெல்லக் கசிந்து நைனி ஏரியை ஊட்டுகிறது. நம் ஊர் ஏரிகளுக்கு வரத்துக்கால் போன்றது அது. கண்ணுக்குத் தெரியாத வரத்துக்கால் என்பதே வேற்றுமை. வறண்ட நிலம்தானே என்று எண்ணி அங்கே வீடுகள் எழுப்பினர். கட்டட இடிபாடுகளைக் கொட்டினர். 2017-ஆம் ஆண்டுக் கோடையிலோ, நகரமே குடிநீருக்கு நம்பியிருக்கும் ஏரியின் கரையோரம் மண்திட்டுகள் வெளிப்பட்டன.

அடுத்த முறை நைனிதாலுக்குச் செல்லும் அன்பர்கள், படகுத்துறையோடு திரும்பிவிடாமல் சற்று மேலேறிச் சூகாதாலையும் பார்த்து வருவார்களாக. ஏரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.