மீன்தொட்டியில் வெண்புள்ளி நோய்: மீனுக்கு வந்தது நமக்கும் வருமா?

பிள்ளைகளின் விருப்பத்திற்காகக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவரிடையே பல. பிள்ளைகள் ‘நீமோ’ என்று அழைக்கும் கோமாளி மீனின் உடலில் ஒருநாள் காலை உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன்கள் கல்லில் உடலை உரசும், வேகமாக மூச்சு வாங்கும். சில நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத் தொடங்கும். அப்போது பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, “இது பிள்ளைக்கும் தொற்றுமா?” என்பதே.

தொற்றாது. ஆனால் அந்த ஒட்டுண்ணியை ஒழிக்க அவசரப்பட்டு வீட்டில் செய்யும் சில வேலைகள் நமக்குப் பெரும் ஆபத்தைத் தரக்கூடும். இரண்டையும் இங்கு பார்ப்போம்.

வெண்புள்ளி நோய் என்றால் என்ன?

கிரிப்டோகரியோன் இரிட்டான்ஸ் என்னும் ஒருகல ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். இது கடல்மீன்களின் தோலிலும் பூவிலும் (செவுளிலும்) மட்டுமே வாழும். மனித உடலில் வாழாது.

இது மீனில் 3 முதல் 7 நாட்கள் வரை உண்டு வளர்ந்து, பின்னர் கழன்று மணலிலும் கல்லிலும் கூடுகட்டி ஒட்டிக்கொள்ளும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவரலாம். அவை பெரும்பாலும் 3 முதல் 28 நாட்களில் வெளிவரும். அரிதாக 72 நாட்கள் வரை தாமதிக்கும். வெளிவந்தவை ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துவிடும்.

ஆகவே புள்ளிகள் மறைந்தவுடன் நோய் மாறிவிட்டது என்று எண்ணக்கூடாது. ஒட்டுண்ணி பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

தொட்டியை எவ்வாறு கையாள்வது?

• எல்லா மீன்களையும் வேறொரு தொட்டிக்கு மாற்றுங்கள். புள்ளி இல்லாத மீனையும் விட்டுவைக்க வேண்டாம்.

• பெரிய தொட்டியை 76 நாட்கள் மீனின்றி விடுங்கள். இறால், நத்தை, பவளம் என்பன அதிலேயே இருக்கலாம்.

• மாற்றிய தொட்டியில் செப்பு மருந்தைப் போத்தலில் குறிப்பிட்ட அளவில் இட்டு, நாள்தோறும் அளந்து, குறைந்தது இரண்டு வாரம் அதே அளவில் பேண வேண்டும். அல்லது உப்பின் அளவை லீற்றருக்கு 35 கிராமிலிருந்து படிப்படியாக 16 கிராமுக்குக் கீழே குறைத்து மூன்று வாரத்திற்கு மேல் வைத்திருக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

• பெரிய தொட்டியில் செப்பு இடவே கூடாது. இறாலும் பவளமும் இறந்துவிடும். செப்பு கல்லிலும் படிந்துவிடும்.

வீட்டாருக்கு உள்ள ஆபத்துகள்

1. கல்லைக் கொதிக்க வைத்தல்
ஒட்டுண்ணியைக் கொல்வதற்காகத் தொட்டிக் கற்களைச் சமையலறையில் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. இதைச் செய்யவே கூடாது. சோவாந்திட் எனப்படும் பூப்போன்ற பவள இனங்கள் சிலவற்றில் பாலிரொக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைக்கும்போதும் தூரிகையால் தேய்க்கும்போதும் அது காற்றில் கலந்துவிடும். 2018 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில் தொட்டிப் பவளத்திலிருந்து வந்த நஞ்சினால் ஒரு குடும்பத்தினரும், உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினரும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சுமுட்டல், வாயில் உலோகச் சுவை, கண்ணெரிவு என்பன அறிகுறிகள். சளிக்காய்ச்சல் என்று படுத்துவிட வேண்டாம். உடனே எல்லோரும் வீட்டுக்கு வெளியே சென்று அவசர உதவியை அழையுங்கள். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை.

2. கைக்காயம்
நாம் மீன் வெட்டிப் பழகியவர்கள். முள் குத்தினால் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் தொட்டி நீரில் மைக்கோபக்ரீரியம் மரினம் என்னும் கிருமி இருக்கலாம். 1926 இல் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த மீன்களில் இது முதலில் கண்டறியப்பட்டது. சிறு கீறல் வழியே புகுந்து, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களின் பின், சிலவேளை மாதங்கள் கழித்து, விரலில் சிவந்த அல்லது ஊதா நிறக் கட்டியாகத் தோன்றும். நோவு குறைவாக இருப்பதால் பலர் காலம் தாழ்த்துகிறார்கள். கவனிக்காவிட்டால் தசைநார், மூட்டு வரை போகலாம்.

இது காசநோய்க் கிருமியின் உறவினம். நம்மில் பலர் அகதிகளாக வந்தபோது காசநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள். அந்தப் பெயரே நம்மவரிடையே அச்சத்தைத் தரும். இது காசநோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. ஆயினும் காசநோய்த் தோற்பரிசோதனையில் தொற்று இருப்பதுபோலக் காட்டலாம். சாதாரண அன்ரிபயற்றிக் குளிசைகள் பலவற்றுக்கு இது மாறாது. உரிய மருந்தை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்ரீரொயிட் களிம்பை நீங்களாகப் பூச வேண்டாம்.

கையில் காயம் உள்ளவர்கள், நீரிழிவு நோயாளர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்போர் தொட்டிக்குள் கைவைக்காதிருப்பதே நல்லது. மற்றவர்கள் நீண்ட கையுறை அணிந்து, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சி நீர் இறைக்க வேண்டாம். வாளியையும் தூரிகையையும் சமையல் தொட்டியில் கழுவ வேண்டாம்.

3. மீன் மருந்துகள்
செப்பு மருந்தும் போமலினும் நஞ்சு. ஊரில் மலேரியாவுக்கு நாம் எடுத்த குளோரோகுயினும் மீன் மருந்தாகப் பயன்படுகிறது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், மீன்தொட்டிக்கான குளோரோகுயினைக் கொரோனாவுக்குத் தடுப்பென்று உட்கொண்ட ஒருவர் இறந்தார். சிறு குழந்தைக்கு இதில் மிகச் சிறிய அளவே உயிராபத்தாகலாம். பூட்டிய அலுமாரியில், அதன் சொந்தப் போத்தலிலேயே வையுங்கள்.

4. மின்சாரம்
உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். கைவைக்கும் முன் சூடாக்கி, பம்பி, விளக்கு எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றுங்கள்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

கையில் மாறாத கட்டியோ, காரணம் தெரியாத காய்ச்சலோடு மூச்சுமுட்டலோ வந்தால், “வீட்டில் கடல்மீன் தொட்டி இருக்கிறது” என்று நீங்களாகவே சொல்லுங்கள். வைத்தியர்களாகிய நாம் எப்போதும் அதைக் கேட்பதில்லை. மேற்சொன்ன கிருமி உடற்சூட்டிலும் குறைந்த, ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே நன்கு வளரும். தொட்டி இருப்பது தெரிந்தால்தான் ஆய்வுகூடம் அதற்கேற்பப் பரிசோதிக்கும்.

புதிய மீன் வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் மேற்சொன்ன வேலைகளில் பலவற்றுக்குத் தேவையே வராது.