ரயிலுக்கு முன்னால் மவுஸ் ஓடுகிறது!

மாடல் ரயில் ஓடுவதை வாய் பிளந்து பார்த்திருப்பீர்கள். அது ஓடுவதற்கு முன்னால் நடக்கிற கூத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க, காட்டுகிறேன்! இங்கே தண்டவாளமும் இல்லை, சிக்னலும் இல்லை. கணினித் திரையில் எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்றின் படம், அவ்வளவுதான். அதற்கே எனக்குக் கை பரபரக்கிறது.

முதலில் எச்.ஓ. அளவு. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஸ்கார்ம் மென்பொருளில் 22 அங்குல ஆர வளைவுகளை ஒவ்வொன்றாகக் கோக்கிறேன். ஓரத்தில் இரண்டே அங்குலம் விட்டு, நீள்வட்டம் ஜம்மென்று உட்காருகிறது. சுற்றி வந்தால் ஏறக்குறைய 6 மீட்டர். ஆகா! அடியில் ஒரு கிளைப் பாதை நுழைந்து போக, மேலே ஒரு பாலம் வைத்தால்? ரயில் இடிக்காமலிருக்க 7.5 செ.மீ. ஏற வேண்டும். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் ஏற 3.75 மீட்டர், இறங்க இன்னொரு 3.75. மொத்தம் ஏழரை மீட்டர். இருப்பதோ ஆறு! பாலம் போச்சு.

அதே பலகை, அதே நீள்வட்டம். அளவை மட்டும் ‘என்’னுக்கு மாற்றுகிறேன்: 160-ல் ஒரு பங்கு, இடைவெளி 9 மி.மீ. இப்போது 5 செ.மீ. உயரம் போதும், ஏறி இறங்க 5 மீட்டர். பாலம் வந்தேவிட்டது! முப்பரிமாணக் காட்சியில் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்ததில் காபி ஆறிப்போனதே தெரியவில்லை.

எந்த மென்பொருள் என்கிறீர்களா? உங்கள் அளவில், நீங்கள் வாங்கப்போகிற கம்பெனியின் தண்டவாளம் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கம்பெனியின் பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரிகிற துண்டு) வளைகிற மாதிரி இன்னொன்றுடையது வளையாது. எனிரெயில் கைக்குச் சுலபம். காசு கட்டாமல் 50 துண்டுகள்வரை கோக்கலாம். ஸ்கார்மில் 100. எக்ஸ்ட்ராக்கேட் முழுக்க இலவசம், மேக்கிலும் லினக்ஸிலும்கூட ஓடும். பழக நாளாகும், ஆனால் திரையிலேயே ரயிலை ஓட்டிப் பார்க்கலாமே! தண்டவாளத்தையே கையால் செய்கிறவர்களுக்கு டெம்ப்ளாட்.

வரைந்ததை நிஜ அளவிலேயே அச்சிட்டு, தாள்களை ஒட்டித் தரையில் விரியுங்கள். கையிலிருக்கும் ஒரு ரயில் பெட்டியை அதன்மேல் மெல்லத் தள்ளிப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.