கரியைவிடக் கறுப்பு இந்தக் கல்!

அடுப்புக்கரி எவ்வளவு கறுப்பு என்று நமக்குத் தெரியும். அதையும் தோற்கடிக்கும் கறுப்போடு ஒரு சிறுகோள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர், மட்டில்டே. சுமார் 53 கி.மீ. அகலம். மேலே விழும் வெளிச்சத்தில் வெறும் 4 சதவிகிதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. காரணம், அதில் நிறைந்திருக்கும் கார்பன்.

இவ்வளவு மங்கலான கல்லை 1885-லேயே வியன்னாவிலிருந்து கண்டுபிடித்துவிட்டார் யோஹான் பலீசா. பாரிஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய மோரிஸ் லோவி என்ற வானியலாளரின் மனைவி பெயரை அதற்கு வைத்தார்கள். அதன்பிறகு நூறு வருடங்களுக்கும் மேலாக அது வெறும் ஒளிப்புள்ளிதான்.

1997 ஜூன் 27 அன்று, ஈராஸ் என்ற இன்னொரு சிறுகோளுக்குப் போகிற வழியில் நாசாவின் 'நியர்' விண்கலம் இதை எட்டிப் பார்த்தது. தூரம் 1,212 கி.மீ.; வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 கி.மீ. அவ்வளவு தொலைவில் சோலார் பேனலுக்கு வெயில் போதாது. அதனால் கேமராவை மட்டும் இயக்கினார்கள்.

வந்த படங்கள் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்தன. 53 கி.மீ. கல்லில், 30 கி.மீ.க்கும் அகலமான பள்ளம்! அதுபோல இன்னும் சில பெரிய பள்ளங்கள். இப்படி அடி வாங்கிய கல் சுக்குநூறாகியிருக்க வேண்டாமா?

விண்கலத்தை மட்டில்டே லேசாக இழுத்த அளவை வைத்து அதன் எடையைக் கணக்கிட்டார்கள். தண்ணீரைவிட 1.3 மடங்குதான் அடர்த்தி. அப்படியென்றால் உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம்! செங்கல்லை சுத்தியலால் அடித்தால் உடையும். மணல் மூட்டையை அடித்தால் குழிதான் விழும். மட்டில்டே இரண்டாவது ரகம்.

இதில் நமக்கும் ஒரு கவலை இருக்கிறது. மட்டில்டே பூமிப் பக்கமே வராது. ஆனால், இதேபோல உள்ளே வெற்றிடம் நிறைந்த ஒரு கல் பூமியை நோக்கி வந்தால்? 2022-ல் 'டார்ட்' விண்கலம் டைமார்ஃபாஸ் மீது மோதி அதன் பாதையை மாற்றியது. மோதலில் சிதறிப் பறந்த கற்களும் அந்தத் தள்ளலுக்குக் கைகொடுத்தன. அடியை உள்வாங்கிக்கொள்ளும் கல்லில் அந்த உதவி குறைவாகத்தான் கிடைக்கும்.

கறுப்புக்குப் பொருத்தமாக, மட்டில்டேயின் பள்ளங்களுக்கு உலகின் நிலக்கரி வயல்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். பெரிய பள்ளம் தென்னாப்பிரிக்காவின் கரூ. நம் நாட்டு தாமோதரும் பட்டியலில் உண்டு.

மட்டில்டே ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 17 நாள்களுக்கு மேல் ஆகும். அதனால், விரைந்து கடந்த விண்கலத்துக்கு ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை.