கட்டத்தாளில் ஏறிய மலை ரயில்

ஆரணியில் பட்டுச் சேலைக்கு முந்தியும் கரையும் வரைபவர்கள் முன்பெல்லாம் கட்டத்தாளை விரித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நிரப்பிய கட்டத்துக்குப் பாவு இழை எழும்பும், வெறும் கட்டத்துக்குத் தங்கும். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தி, அட்டைகளைக் கோத்து ஜக்கார்டில் ஏற்றுவார்கள். இன்று அந்த வேலையைப் பெரிதும் கணினி எடுத்துக்கொண்டது. மாதிரி ரயிலுக்குப் பாதை வகுக்கும் கலையும் இதே தடத்தில்தான் வந்திருக்கிறது. மலை ரயில் என்றால் நமக்கு நீலகிரி ரயில்தான். அதையே வரைந்து பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் பாதை வந்தது. 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏற்றம். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். இதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் பாதை 529 மீட்டர் நீளும், மலை 21 மீட்டருக்கு மேல் எழும். எந்த வீட்டில் அதற்கு இடமிருக்கிறது? ஆகவே எதை விடுவது என்று முடிவு செய்வதில்தான் இந்த வேலையே அடங்கியிருக்கிறது.

அன்று சர்வே வரைபடத்தின் சமஉயரக் கோடுகள், காம்பஸ், கட்டத்தாள், வளைவை அளக்க ஒரு நூல். சரிவைக் கையால்தான் கணக்கிட வேண்டும். ஒரு தடம் இன்னொன்றின் மேல் தாண்டிப்போகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயரம் தேவை. சாதாரணத் தண்டவாளத்தில் 33-க்கு 1 என்று ஏறினால் அதற்கு 3.3 மீட்டர் ஓட வேண்டும். நீலகிரியின் செங்குத்தான ஏற்றம் 12-க்கு 1, 1.2 மீட்டர் போதும். நடுவில் ஓடும் பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வுவதால் வந்த வசதி இது. சிறிய அறையில் பெரிய மலையைக் காட்ட இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

இன்று மென்பொருள் சரிவையும் வளைவின் ஆரத்தையும் உடனே சொல்லிவிடுகிறது. 2000-இல் நாசாவின் விண்கலம் ரேடாரால் அளந்த மலை உயரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பற்சட்டத்தை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். குறைந்தது வேறொன்று. ஆரணி சாலை ரயில் நிலையத்தில் அன்று இருந்ததும் நீலகிரியைப் போலவே மீட்டர் பாதைதான். ஒரு மீட்டர் அகலத்தைக் கண்ணால் அளந்து பழகியவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். இப்போது அங்கே அகலப்பாதை. மீட்டர் பாதையைப் பார்க்க நம் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் போக வேண்டும், போகத்தான் வேண்டும்.

நான் வரைந்தால் கல்லாறில் தொடங்கி, ஹில்குரோவைத் தொட்டு, குன்னூரில் நிறுத்திவிடுவேன். பற்சட்டம் உள்ள பகுதி அதுதான். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுவார்கள். அதற்கு ஒரு தடமும் கொட்டகையும் கூடுதலாக வேண்டும். மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. எஞ்சினை முன்னால் பூட்டி வரைந்த திட்டம் நீலகிரி ஆகாது.