திருடனைத் தேடிப் போன இடத்தில் பாலாறு சிக்கியது! செல்போனில் கிடைத்த நம்ம ஊர் சங்கதிகள்

ஆம்பூர்,

பைக் திருடனைத் தேடிப் போனேன். கிடைத்தது பாலாறு!

நிருபர் பிழைப்பில் பாதி நேரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில்தான் போகும். எப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, உட்காரு" என்பார்கள். டீ வரும், எப்.ஐ.ஆர். வராது. இப்போது அந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிட்டது. எப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள் அதை இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றதை வீட்டில் பாயில் படுத்துக்கொண்டே படிக்கலாம்.

அப்படித்தான் ஒரு ராத்திரி பைக் திருட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடியது அகப்படவில்லை. கை சும்மா இருக்குமா? "ஆம்பூர்" என்று போட்டுத் தட்டினேன். முதலில் வந்தது என்ன? வாசகர்கள் யூகித்திருப்பார்கள். பிரியாணி! இரண்டாவதும் பிரியாணி. மூன்றாவது ஒரு கல்.

ஆமையூர் வீரன்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துக் கல் அது. 9-ம் நூற்றாண்டு. நுளம்பன் படை ஊர்மேல் வந்தபோது எதிர்த்து நின்று செத்தவர்களுக்கு நட்ட நடுகல். அதில் நம்ம ஊர் பெயர் ஆம்பூர் இல்லை, "ஆமையூர்"! வெள்ளைக்காரன் காலத்திலேயே படியெடுத்து எபிகிராபியா இண்டிகா என்ற புத்தகத்தின் 4-ம் தொகுதியில் அச்சுப் போட்டுவிட்டார்கள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிற எனக்குத்தான் தெரியவில்லை.

சண்டைக்குப் பேர்போன ஊர்தான் போலிருக்கிறது. 1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டது இதே ஆம்பூரில்தான். சந்தாசாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து தீர்த்துக்கட்டினார்கள்.

வேலூருக்குப் போனால் இன்னொரு ராஜா. இலங்கை கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். 1815-ல் பிடிபட்டு, வேலூர் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1832-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி இறந்தான். சமாதி இருக்கும் முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அந்த ஜனவரி 30 என்ற தேதியும், "பாலாறு" என்ற பெயரும் மனசில் நின்றன. பாலாறு என்று போட்டுத் தட்டினேன். அடுத்து வந்ததைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

லா காலேஜில் நம்ம வழக்கு

அது ஒரு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. தேதி 1996 ஆகஸ்டு 28. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். எதிர்த்தரப்பு மத்திய அரசு. 1991-ல் தொடுத்த வழக்கு. வாதாடியவர் டெல்லி வக்கீல் எம்.சி.மேத்தா.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்தியா முழுக்க இதை "வேலூர் வழக்கு" என்றுதான் படிக்கிறார்கள். "மாசு செய்தவனே காசு கொடு" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் சேர்ந்ததுதான் என்று நீதிபதிகள் அடித்துச் சொன்ன தீர்ப்பு இது. 2010-ல் வந்த பசுமை தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவிலும் அதே கொள்கை இருக்கிறது. சென்னை ஐகோர்ட்டில் "பசுமை பெஞ்ச்" அமைக்கச் சொன்னதும் இந்தத் தீர்ப்புதான்.

உள்ளே இருக்கிற கணக்குகள் திடுக்கிட வைக்கின்றன. ஒரு கிலோ தோலைப் பக்குவப்படுத்தி முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரோம் முறையில் பதனிட 170 வகை ரசாயனம். டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35 ஆயிரம் எக்டேர் விளைநிலம், பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு நிலையம் அமைக்காத டேனரிகளை மூடவேண்டும் என்றும், ஒவ்வொன்றும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டவேண்டும் என்றும் கோர்ட்டு உத்தரவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோல்ஷாப்பைத் திட்டி எழுத எனக்கு ஆசை இல்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே ஷூ கம்பெனி சம்பளத்தில். விடியற்காலை கம்பெனி பஸ்சுக்காக டிபன் பாக்சோடு நிற்கிற பெண்களை ஆம்பூரில் எந்த முனையிலும் பார்க்கலாம். அவர்களில் பலர் அந்த 35 ஆயிரம் எக்டேரில் ஏர் ஓட்டியவர்களின் பேத்திகளாக இருக்கலாம்.

ஆளுக்கு எவ்வளவு?

நஷ்டஈட்டைக் கணக்கெடுக்க ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2001-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி அது தன் முடிவைச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 29 ஆயிரத்து 193. மொத்தத் தொகை ரூ.26 கோடியே 82 லட்சம்.

கேட்க பெரிசாகத்தான் இருக்கிறது. நான் செல்போன் கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 9 ஆயிரத்து 200 ரூபாய் கூட வரவில்லை! 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரைக்குமான நஷ்டம் அது. மாசத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். (இது சராசரிதான். நிலத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.)

2009 ஆகஸ்டு 24-ந் தேதி இன்னொரு பட்டியலும் வந்தது. அப்புறமும் வழக்கு நடந்தது. கடைசியில் 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, ஆம், கண்டி ராஜா செத்த அதே தேதியில், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். இரண்டு பட்டியலிலும் உள்ளவர்களில் இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு 6 வாரத்துக்குள் அரசாங்கம் கொடுக்கவேண்டும், அதை மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கமிட்டி அமைக்கவும் சொன்னார்கள்.

டீக்கடையில் ஒரு கேள்வி

மறுநாள் காலை டீக்கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். ஆற்றோரக் கிராமம். முதலில் காதில் வாங்காத மாதிரிதான் இருந்தார். "29 ஆயிரம் பேர்" என்றதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, எங்க அப்பா பேரு அதுல இருக்குதா பாரு" என்றார்.

தீர்ப்பில் ஆள் பெயர்ப் பட்டியல் இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது என்றேன்.

"எங்க கெணத்துல 35 அடியிலயே தண்ணி நிக்கும். வெளக்கு வெச்சா தரை தெரியும். அப்புறம் டீத்தண்ணி கலர் ஆயிடுச்சு. நெல்லு போச்சு, தென்னை போச்சு. யாரோ வந்து சர்வே நம்பர் எழுதிக்கிட்டுப் போனாங்கன்னு அப்பா சொல்லுவாரு. பணம் வந்துச்சா, வரலையா, எனக்குத் தெரியாது. அவரு போய்ச் சேந்துட்டாரு."

"ஆபீசில கேட்டீங்களா ஐயா?"

"என்னன்னு கேக்கறது? கேஸ் நம்பர் இருக்குதா, பேப்பர் இருக்குதா, போய் நிக்கறதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. 2023 ஜனவரியிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்புகளை "இ-எஸ்.சி.ஆர்." என்ற இணையதளத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. பத்துப் பைசா செலவில்லை. ஆனால் கிடைப்பது பெரும்பாலும் இங்கிலீசில். சிலதுதான் தமிழில் மொழிபெயர்ப்பாகி இருக்கின்றன. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது கதவு திறக்கும்.

தீர்ப்பின் எண் "2025 ஐ.என்.எஸ்.சி. 131". ஜெராக்ஸ் கடையில் இந்த எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். கூடவே பட்டா, பழைய சிட்டா நகல், ஆணையத்திலிருந்து வந்த துண்டுக் காகிதம் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இதற்கு வேலூர் போகவேண்டியதில்லை. 2019 நவம்பரிலிருந்து நமக்கு மாவட்டம் திருப்பத்தூர். வாலாஜா, ஆற்காடு பக்கம் ராணிப்பேட்டை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்று தலையாட்டினார். பிறகு வடை மடித்த காகிதத்தைப் பிரித்து, எண்ணெய் படாத மூலையை என் பக்கம் நீட்டினார்.

"அந்த நம்பரைக் கொஞ்சம் பெரிசா எழுதிக் குடு தம்பி. கண்ணு சரியாத் தெரியல."