நில அதிர்வுக் கருவியும் விண்கல் வீழ்ச்சியும்

கோலார் தங்க வயலில், தங்கம் பொதிந்த ஒரே பாறைத் தொடரின் மீது மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் தெற்கிலிருந்து வடக்காக அடுத்தடுத்து அமைந்திருந்தன. 1880-ஆம் ஆண்டுகளில் தொடங்கிய தற்கால முறைச் சுரங்க வேலை, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் முடிவுற்றது. இக்காலத்தில் பூமிக்குள் 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர் இறங்கிப் பாறையை உடைத்தனர். அங்கு நேர்ந்த பாறை வெடிப்புக்களின் இடத்தை அறியக் கையாண்ட அதே அடிப்படை முறையைக் கொண்டுதான், செவ்வாய்க் கிரகத்தில் விண்கற்கள் விழுவதை விஞ்ஞானிகள் அறிந்துள்ளனர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை விளக்குகிறது.

பாறை வெடிப்பு

3 கிலோ மீட்டர் ஆழத்தில் மேலுள்ள பாறையின் சுமை மட்டுமே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 800 கிலோகிராமுக்கு அதிகமாக அழுத்துகிறது. தாது எடுத்தபின் அங்கு வெற்றிடம் உண்டாகிறது. அவ்விடம் தாங்கிய சுமை சுற்றிலுமுள்ள பாறையின்மேல் சாய்கிறது. கோலாரின் பாறை மிகவும் கடினமானது. ஆதலால் அது மெல்ல வளைந்து கொடுப்பதில்லை. தாங்கும் எல்லையைக் கடந்ததும் திடீரெனச் சிதறுகிறது. பழைய சுரங்க அறிக்கைகளில் இதற்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்னும் பெயர் வழங்கியது. இதனால் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். பெரும் வெடிப்புக்களின்போது தரைமேலுள்ள கட்டடங்களும் சேதமுற்றன.

விபத்து நேர்ந்தவுடன் முதலில் எழும் கேள்வி, ‘எந்தச் சுரங்கத்தில், எந்தத் தளத்தில்?’ என்பதாகும். மீட்புப் படை சென்று சேர வேண்டிய இடம் அதைப் பொறுத்தது. இதற்கு விடை காணவே, 1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன், ஜியோபோன் எனப்படும் அதிர்வுணர் கருவிகள் பல இடங்களில் அமைக்கப்பட்டன. பின்னர் 1988-இல் தேசிய பாறை இயக்கவியல் நிலையம் தங்க வயலிலேயே நிறுவப்பட்டது.

தூரத்தைக் கணக்கிடும் முறை

பாறை உடையும்போது இருவகை அலைகள் ஒரே கணத்தில் புறப்படுகின்றன. முதல் அலை பாறையைத் தன் போக்கிலேயே முன்னும் பின்னுமாகத் தள்ளிச் செல்வது. இரண்டாம் அலை பாறையைக் குறுக்காக அசைத்துச் செல்வது. முன்னது விரைவானது, பின்னது மெதுவானது. கடினமான பாறையில் முதல் அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோ மீட்டரும், இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோ மீட்டரும் செல்வதாகக் கொள்வோம். ஒரு கருவியில் இவ்விரு அலைகளும் கால் வினாடி இடைவெளியில் பதிவானால், அதிர்வு தோன்றிய இடம் அக்கருவியிலிருந்து 2.1 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ளது என்பது கணக்கினால் பெறப்படும்.

ஆனால் இத்தூரம் எத்திசையிலும் இருக்கலாம். வெவ்வேறு இடங்களிலுள்ள பல கருவிகளின் தூரங்கள் ஒன்றாகப் பொருந்துகின்ற இடமே அதிர்வின் பிறப்பிடமாகும்.

இக்கணக்கு முழுவதும் அலையின் வேகம் சரியாகத் தெரிந்திருப்பதைப் பொறுத்துள்ளது. வேகத்தில் பிழை நேர்ந்தால் இடத்திலும் பிழை நேரும். அப்பிழையைத் திருத்தும் வழி, இடமும் நேரமும் முன்னரே தெரிந்த ஓர் அதிர்வை அளந்து பார்ப்பதாகும். சுரங்கங்களில் வேலையாட்கள் நேரங் குறித்து வைக்கும் வெடி இதற்கு உதவும். வெடி வைத்த இடம் தெரியும். வெடித்த கணமும் தெரியும். எஞ்சியது வேகம் ஒன்றே.

சந்திரனில் சோதனை

மனிதர் இறங்கிய அப்பொல்லோ பயணங்களின்போது சந்திரனில் நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. வேண்டுமென்றே வெடி வைப்பதற்கு ஒப்பான சோதனையும் அங்கு நடைபெற்றது. 1969-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள், அப்பொல்லோ 12 விண்கலத்தின் ஒரு பகுதி சந்திரனின்மேல் மோதவிடப்பட்டது. அதன் எடை, வேகம், விழுந்த இடம் யாவும் தெரிந்தவை. அவ்வதிர்வு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓயவில்லை. 1977 வரை இயங்கிய இக்கருவிகள் விண்கல் மோதல்கள் பலவற்றையும் பதிவு செய்தன.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-இல் சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 விண்கலத்திலும், பெங்களூரில் உருவாக்கப்பட்ட ‘இல்சா’ என்னும் அதிர்வுக் கருவி இருந்தது. அது பதிவு செய்த 250-க்கும் மேற்பட்ட அதிர்வுகளுள் ஏறத்தாழ 200, ஊர்தியின் நகர்ச்சியாலும் பிற கருவிகளின் இயக்கத்தாலும் உண்டானவை. எஞ்சிய சுமார் 50 அதிர்வுகள் அவ்வாறு விளக்கப்படவில்லை. தெரிந்த அதிர்வுகளை முதலில் விலக்கிய பின்னரே இயற்கை அதிர்வைத் தேட இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

செவ்வாயில் ஒரே கருவி

2018-ஆம் ஆண்டு நவம்பர் 26-இல் இன்சைட் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. அதன் நில அதிர்வுக் கருவி, அணுவின் அகலத்தினும் குறைந்த அசைவையும் உணரவல்லது. 2022 டிசம்பரில் பணி முடிவதற்குள் அது 1,300-க்கும் மேற்பட்ட அதிர்வுகளைப் பதிவு செய்தது. எனினும் கோலாரில் இருந்ததுபோல் பல கருவிகள் அங்கு இல்லை. அலைகளின் இடைவெளியிலிருந்து தூரத்தையும், நிலம் அசைந்த போக்கிலிருந்து திசையையும் அவ்வொரு கருவியே கூற வேண்டியிருந்தது. அக்கூற்றைச் சரிபார்க்க அங்கு வெடி வைப்பாரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவை விண்கற்களே.

செவ்வாயின் காற்று, பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அழுத்தமுடையது. எனவே பூமியில் எரிந்து போகக்கூடிய கற்களுள் பல அங்கே தரையை அடைகின்றன. 2021 டிசம்பர் 24-இல் இன்சைட் கருவி சுமார் 4 ரிக்டர் அளவிற்கு ஒப்பான அதிர்வொன்றைப் பதிவு செய்தது. செவ்வாயைச் சுற்றிவரும் மற்றொரு விண்கலம் எடுத்த படங்களில், 3,500 கிலோ மீட்டருக்கு அப்பால் சுமார் 150 மீட்டர் அகலமுள்ள புதிய பள்ளம் காணப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, பள்ளம் உண்டான நாள் அதிர்வின் நாளுடன் ஒத்திருந்தது. பள்ளத்தைச் சுற்றிப் பனிக்கட்டிகளும் சிதறிக் கிடந்தன. தரையின்மேல் நேர்ந்த மோதலாதலால், மேற்பரப்பையொட்டிச் செல்லும் அலைகளும் பதிவாயின. பூமியல்லாத வேறொரு கிரகத்தில் அத்தகைய அலைகள் அறியப்பட்டது அதுவே முதல் முறையாகும்.

ஒரு கருத்தின் திருத்தம்

பள்ளத்தின் இடம் தெரிவதனால் விளைந்த பயனை 2025-இல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. செர்பெரஸ் பாசே என்னும் பகுதியில் 21.5 மீட்டர் அகலமுள்ள பள்ளமொன்று ஓர் அதிர்வுடன் பொருத்தப்பட்டது. அது இன்சைட் இருந்த இடத்திற்கு 1,640 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வகை அதிர்வுகளின் அலைகள் செவ்வாயின் மேலோட்டிலேயே தங்கிச் செல்வதாக முன்னர் எண்ணியிருந்தனர். அப்பள்ளம் எதிர்பார்த்ததைவிட வெகு தொலைவில் இருந்தமையால், அலைகள் ஆழத்திலுள்ள அடுக்கின் வழியே விரைந்து வந்தன என்பது புலனாயிற்று. இதனால் வேறு பல அதிர்வுகளின் இடங்களையும் மீண்டும் கணக்கிட வேண்டியதாயிற்று. கருவி பொய் கூறவில்லை; அதன் கூற்றுக்குப் பொருள் கண்ட முறையே திருத்தம் பெற்றது.

வகுப்பிலும் களத்திலும்

ஆசிரியர்கள் இம்முறையை மைதானத்திலேயே விளக்கலாம். மறைவான ஓரிடத்திலிருந்து இரு மாணவரை ஒரே சமயத்தில் புறப்படச் செய்க. ஒருவர் வினாடிக்கு 2 மீட்டரும், மற்றவர் 1 மீட்டரும் நடக்கட்டும். அவர்கள் 10 வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தால், புறப்பட்ட இடம் 20 மீட்டர் தூரத்தில் உள்ளது. மெதுவாக நடப்பவரின் வேகத்தைத் தவறாகக் குறித்தால் விடை எவ்வாறு பிசகுகிறது என்பதையும் மாணவரே கண்டறியட்டும்.

களப்பணியாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கற்சுரங்கத்திலோ அணைக்கட்டு வேலையிலோ வெடி வைக்கும்போது, இடத்தையும் நேரத்தையும் வினாடி பிசகாமல் குறிப்பேட்டில் எழுதுதல் வீண் சடங்கன்று. அக்குறிப்பு அருகிலுள்ள அதிர்வுக் கருவிகளைச் சரிபார்க்கும் அளவுகோலாகும். தங்க வயலில் வேலை நின்ற பின்பும், நீர் நிரம்பிய பழைய வெற்றிடங்களைச் சுற்றி அதிர்வுகள் நேர்ந்துள்ளன. அவற்றின் மேல் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். எனவே, ஓர் அதிர்வு எங்கே பிறந்தது என்பதைப் பிழையின்றிக் கூறும் திறன், செவ்வாயின் உட்புறத்தை அறிவதற்கு மட்டுமன்றி, நம் காலடியிலுள்ள நிலத்தைக் காப்பதற்கும் இன்றியமையாததாகும்.